மண்டபத்தில் குடிவந்த சர்ச்

கலாவதி என்ன படித்தவள் என்று யாராவது கேட்டால், அவள் கணவன் திருமூர்த்தி முந்திக்கொண்டு "ஹிஸ்டரிங்க" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவான். முழுதும் சொல்ல ஆரம்பித்தால் சாப்பிட வந்தவர்கள் தட்டோடு அப்படியே நின்றுவிடுவார்கள் என்பது அவன் அனுபவம். உடுமலைப்பேட்டையில் கம்ப்யூட்டர் படித்து, டெக்ஸாஸுக்கு வந்து, பிளானோவில் நல்ல சம்பளத்தில் சில வருஷம் சாஃப்ட்வேர் வேலை பார்த்துவிட்டு, ஒரு நாள் அதை உதறிவிட்டுப் பல்கலைக்கழகத்துக்குப் போனவள் அவள். அங்கே அவள் எடுத்துக்கொண்ட விஷயம் இதுதான்: சிலுவைப் போர்க் காலத்தில் பாலஸ்தீனத்திலும் சிரியாக் கடற்கரையிலும் சர்ச்சுகளுக்கு இருந்த நிலபுலன்களை ரோமில் உட்கார்ந்திருந்த போப் எப்படி நிர்வாகம் செய்தார்? அதற்காக லத்தீன் கற்றுக்கொண்டாள். கண் பார்வை ஒரு நம்பர் கூடியது.

ஊரில் தமிழர்கள் கட்டிய முருகன் கோயிலில் வசந்தாமணி ஆன்ட்டி மட்டும் ஒருமுறை விடாமல் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

"அப்ப நம்மூரு அறநிலையத்துறை மாதிரிங்களா அம்மிணி?"

"கிட்டத்தட்ட அதேதான் ஆன்ட்டி. யாரு நிலம், யாரு வித்தாங்க, யாரு குத்தகைக்கு விட்டாங்க, கேஸ் எங்க நடக்குது, அவ்ளோதான்."

"அதுக்கு எதுக்குங்க அத்தன தூரம் போகோணும்? நம்மூர்லயே ஏகப்பட்ட கேஸு கெடக்குதே!"

கலாவதி சிரித்துவிட்டாள்.

பிளானோவுக்குப் பக்கத்தில் ஒரு சமுதாயக் கல்லூரியில் அவள் பாடம் நடத்தினாள். பிள்ளைகள் விரும்பிக் கேட்டது பெத்லஹேம் பிஷப்பின் கதையை. ஜெருசலேமை சுல்தான் சலாதீன் பிடித்ததும் உள்நாட்டு ஊர்களில் இருந்த பிஷப்புகள் எல்லோரும் நிலத்தையும் கோயிலையும் விட்டுவிட்டு ஓடிவர வேண்டியதாயிற்று. பெத்லஹேம் பிஷப்புக்கு மட்டும் பிரான்ஸில் க்ளாம்சி என்ற சின்ன ஊரில் ஒரு பிரபு முன்னாலேயே ஒரு மருத்துவ விடுதியை எழுதிவைத்திருந்தார். கடைசியில் பெத்லஹேம் பிஷப்புகள் அங்கேயே போய்ச் சேர்ந்தார்கள். ஐந்நூறு வருஷத்துக்கும் மேல் அங்கேயே இருந்தார்கள். அந்த விடுதியும் அதைச் சுற்றிய கொஞ்சம் இடமும்தான் அவர்கள் ராஜ்யம். பெயரில் மட்டும் பெத்லஹேம்.

"ஊரே இல்லாத பிஷப்பா?" என்று ஒரு பையன் கேட்டான்.

"ஊர் இல்லை. ஆனால் சர்ச் சட்டப்படி பதவி உண்டு. சொத்து மனுஷனுக்கு இல்லை, பதவிக்குத்தான்" என்று கலாவதி சொன்னாள். இந்த வாக்கியத்தை அவள் வருஷத்துக்கு நான்கு முறையாவது சொல்வாள்.

அதே கதை தன் ஊரிலேயே நடக்கும் என்று அவள் நினைக்கவில்லை.

கிழக்கு பிளானோவில் செங்கல் கட்டடத்தில் ஒரு சின்ன சர்ச் இருந்தது. பாஸ்டர் பெயர் லோரெட்டா. டெக்ஸாஸ் பேச்சை இழுத்து இழுத்துப் பேசும், உயரமான அம்மாள். பல வருஷங்களுக்கு முன், தமிழ்க் குடும்பங்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில் இருந்தபோது, முருகன் படத்தை வைத்து வெள்ளிக்கிழமை பஜனை செய்ய அவர்கள் இடம் தேடி அலைந்தார்கள். அந்த சர்ச்சின் பின்பக்கக் கூடத்தைத் திறந்துவிட்டவர் ஓப்பல் என்ற அம்மாள், சபையின் உறுப்பினர். சாவி அவரிடம்தான் இருந்தது. பிறகு தமிழர்கள் பெருகினார்கள், ஊருக்கு வடக்கே நிலம் வாங்கினார்கள், தண்டபாணி கோயில் கட்டினார்கள், கோயிலுக்கு எதிரே பார்க்கிங் லாட்டைத் தாண்டி ஒரு கல்யாண மண்டபமும் கட்டினார்கள். வெள்ளியங்கிரி கோயில் கமிட்டித் தலைவர். டெலிகாம் கம்பெனியில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர், பொள்ளாச்சிக்காரர், வசந்தாமணியின் கணவர். கலாவதி செயலாளர்.

லோரெட்டாவின் சபைக்கு மேலே ஒரு தலைமைச் சபை இருந்தது. கொள்கை விஷயத்தில் ஏதோ தகராறு. சின்னச் சபை விலகுவதாகத் தீர்மானம் போட்டது. விலகலாம், ஆனால் கட்டடம் எங்களுடையது என்றது தலைமை. கோர்ட்டுக்குப் போனார்கள். இவர்கள் தாத்தா காலத்தில் கட்டி, இவர்கள் பெயிண்ட் அடித்து, இவர்கள் கூரை மாற்றிய கட்டடம். தீர்ப்பு வருவதற்கு முன்பே கலாவதிக்கு முடிவு தெரியும். அவள் படித்த, எண்ணூறு வருஷத்துக்கு முந்தைய வழக்குகள் எல்லாம் அப்படித்தான் முடிந்திருந்தன. உட்கார்ந்து பிரார்த்தனை செய்கிறவர்களுக்கு நிலம் சொந்தமில்லை.

கட்டடம் தலைமைக்கே என்று தீர்ப்பு வந்த வாரம் லோரெட்டா கலாவதியைப் போனில் கூப்பிட்டார்.

"வேறு இடம் கிடைக்கும்வரைக்கும் ஞாயிறு காலை மட்டும் உங்கள் மண்டபத்தைத் தருவீர்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். "எங்களில் பாதிப் பேர் எண்பது வயதுக்காரர்கள். பார்க்கில் உட்காரவைத்துப் பாட முடியாது. கேட்பதற்கே கூச்சமாக இருக்கிறது."

"கமிட்டியில் கேட்டுச் சொல்கிறேன்" என்றாள் கலாவதி.

கமிட்டி கூடியபோது முதலில் கையை உயர்த்தியது வெள்ளியங்கிரி.

"இப்பவே சொல்லிப்போடறேனுங்க. இன்னிக்கு ஞாயித்துக்கிழமை மட்டும்பாங்க. நாளைக்கு புதன்கிழமை பைபிள் ஸ்டடிம்பாங்க. அப்புறம் பாட்லக்னு ஆளுக்கொண்ணு சமைச்சுக் கொண்டாந்து விருந்து வைப்பாங்க. பாட்லக்குல என்ன கொண்டாருவாங்கன்னு தெரியுமுங்களா? பிரிஸ்கெட்டு! மாட்டு நெஞ்சுக்கறிங்க! தண்டபாணிக்கு எதுத்தாப்ல!"

இளைஞர்கள் இரண்டு பேர் எதிர்த்துப் பேசினார்கள். அவங்க நமக்கு இடம் கொடுத்தாங்க, நாம கொடுக்கமாட்டோம்னா எப்படி என்றார்கள். எல்லோரும் கலாவதி பக்கம் திரும்பினார்கள். சர்ச் பற்றிப் படித்தவள், கட்டாயம் ஆதரவாகப் பேசுவாள் என்று எதிர்பார்த்தார்கள்.

ஆனால் படித்ததுதான் அவளைப் பயமுறுத்தியது.

"ஒண்ணு சொல்றேன், கேளுங்க" என்றாள். "ஜெருசலேம் கைவிட்டுப் போனப்புறம் அங்க இருந்த தலைமை பிஷப், பேட்ரியார்க்னு பேரு, ஆக்கர்ங்கற துறைமுகத்துக்கு வந்து தங்கினார். ஆக்கருக்குன்னு ஏற்கனவே ஒரு பிஷப் இருந்தார். இவர் கெஸ்ட். ஜெருசலேம் திரும்பக் கெடச்சதும் போயிடுவார்னுதான் எல்லாரும் நெனச்சாங்க. எழுபது வருஷம் ஆச்சு. கடைசில போப் என்ன பண்ணினார் தெரியுமா? ஆக்கர் பிஷப் பதவியையே எடுத்து பேட்ரியார்க் பதவியோட சேத்துட்டார். கெஸ்ட்டா வந்தவர் வீட்டுக்காரர் ஆயிட்டார்."

"பாத்தீங்களா!" என்று மேஜையைத் தட்டினார் வெள்ளியங்கிரி. "போப்பே சொல்லிட்டாரு!"

"அங்கிள், நான் இன்னும் முடிக்கல."

"அப்ப என்னங்க, வேண்டாம்ங்கறீங்களா, வேணும்ங்கறீங்களா?"

"குடுக்கலாம்ங்கறேன். ஆனா எங்க சண்டை வரும்னு எனக்குத் தெரியும், அத முன்னாடியே பேசிக்கலாம்ங்கறேன். அந்தக் காலத்துல ஒருத்தர் எல்லைக்குள்ள இன்னொருத்தர் வந்து சாமி கும்பிட்டா, கும்பிட்டுக்கோன்னு விட்டுடுவாங்க. ஆனா மூணு விஷயத்துல விடமாட்டாங்க. மணி, ஞானஸ்நானம், பொணம். ஜெருசலேம் கையில இருந்தப்பவே அங்க ஒரு பெரிய சண்டை. பேட்ரியார்க் பிரசங்கம் பண்ண எந்திரிச்சாப் போதும், பக்கத்துல இருந்த ஹாஸ்பிடலர்னு ஒரு சாமியார்ப் படை இருக்கற மணியெல்லாம் சேத்து அடிப்பாங்க. வேணும்னே. அந்த வயசான மனுஷன் கப்பல் ஏறிப் போப்கிட்ட போய் அழுதார். ஒண்ணும் நடக்கல, வெறுங்கையோட திரும்பி வந்தார்."

கூடத்தில் சிரிப்பு எழுந்தது. வெள்ளியங்கிரியும் சிரித்துவிட்டார், உடனே முகத்தை இறுக்கிக்கொண்டார்.

கடைசியில் நிபந்தனைகள் பேசி முடித்தார்கள். பூஜை நேரத்தில் ஸ்பீக்கர் கூடாது. மண்டபத்தில் மாமிசம் கூடாது. சவப்பெட்டி எந்தக் காரணத்துக்காகவும் வளாகத்துக்குள் வரக்கூடாது. மூன்றாவதைச் சேர்த்தது கலாவதி. அவள் படித்த வழக்குகளில் பாதி ஒரு பிணத்தில்தான் ஆரம்பித்திருந்தன. யார் புதைப்பது, எங்கே புதைப்பது, காணிக்கை யாருக்கு என்று. அதை இப்போதே அடைத்துவிட்டால் பாதிச் சண்டை போச்சு என்று நினைத்தாள்.

கை தூக்கச் சொன்னார்கள். பெரும்பாலானவர்கள் தூக்கினார்கள். வெள்ளியங்கிரி தூக்கவில்லை.

"தலைவரா இருந்து நடத்திக் குடுக்கறேன். ஆனா எனக்கு இதுல இஷ்டமில்லைன்னு எழுதிக்கோங்க" என்றார்.

லோரெட்டாவிடம் கலாவதி மூன்று நிபந்தனைகளையும் சொன்னபோது அவர் எதற்கும் முகம் சுளிக்கவில்லை. "பிரிஸ்கெட் இல்லாமல் கர்த்தர் எங்களை ஏற்றுக்கொள்வாரா தெரியவில்லை, முயற்சி செய்கிறோம்" என்றார்.

முதல் சில ஞாயிற்றுக்கிழமைகள் கலாவதி காவல்காரி மாதிரி பார்க்கிங் லாட்டில் நின்றாள். நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று பிடித்துக்கொண்டே இருக்கும். ஒன்றும் நடக்கவில்லை. கிழவர்களும் கிழவிகளும் மெல்ல இறங்கி வந்தார்கள், பாடினார்கள், நாற்காலிகளைத் தாங்களே அடுக்கிவைத்துவிட்டுப் போனார்கள். பங்குனி உத்திரம் ஞாயிற்றுக்கிழமையில் விழுந்து கார் நிறுத்த இடமில்லாமல் போனபோது, அந்தச் சபையின் கிழவர்கள் சிலர் ஆரஞ்சு நிற மேல்சட்டையைப் போட்டுக்கொண்டு ரோட்டோரம் நின்று கார்களுக்கு வழிகாட்டினார்கள். காவடி எடுத்துவந்த கூட்டத்தைக் கண்டு ஒருவர் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

ஓப்பலைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வருவார்கள். அவருக்குத் தொண்ணூறு தாண்டியிருந்தது. சுவாமிநாத குருக்கள் ஒருமுறை தொன்னையில் சர்க்கரைப் பொங்கல் அனுப்பினார். ஓப்பல் அதைச் சாப்பிட்டுவிட்டு, முந்திரியை மட்டும் தனியாக எடுத்துக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு போனார். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை பொங்கலில் முந்திரி கொஞ்சம் அதிகமாகவே விழுந்தது.

வெள்ளியங்கிரி மட்டும் ஞாயிறு காலையில் கோயிலுக்கு வருவதை நிறுத்திவிட்டு சாயங்காலம் வர ஆரம்பித்தார்.

ஆகஸ்ட் மாத வெயிலில் ஓப்பல் இறந்துபோனார். தூக்கத்திலேயே போய்விட்டார் என்று லோரெட்டா போனில் சொன்னார். கலாவதி அப்போது இந்தியக் கடையில் கறிவேப்பிலை பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் ஆறுதலாக ஏதோ சொன்னாள். லோரெட்டா நன்றி சொல்லிவிட்டுத் தொடர்ந்தார்.

"கலா, ஒன்று கேட்கவேண்டும். ஓப்பல் என்னிடம் பலமுறை சொல்லியிருந்தாள். தன் சபை எங்கே கூடுகிறதோ அங்கேயிருந்துதான் தன்னை வழியனுப்ப வேண்டும் என்று. வியாழக்கிழமை காலை பெட்டி வந்து ஒரு மணி நேரம், அதற்குமேல் இருக்காது. அதன் பிறகு நேரே கல்லறைத் தோட்டத்துக்குப் போய்விடுவோம்."

கலாவதி கையில் இருந்த கறிவேப்பிலையைப் பார்த்தாள்.

"லோரெட்டா, அது... நாங்கள் முதலிலேயே..."

"தெரியும். ஞாபகம் இருக்கிறது. கேட்காமல் விட்டால் அவள் என்னை மன்னிக்கமாட்டாள், அதனால் கேட்டேன். நீ சங்கடப்படாதே. ஃப்யூனரல் ஹோமிலேயே வைத்துக்கொள்கிறோம். அங்கேயும் ஒரு நல்ல கூடம் இருக்கிறது."

லோரெட்டாவின் குரலில் கோபமே இல்லை. அதுதான் கலாவதியைத் துளைத்தது. கூடையை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்து, கொதிக்கிற காருக்குள் ஏசி போடக்கூட மறந்து உட்கார்ந்திருந்தாள்.

சண்டை வரக்கூடாது என்று எழுதிய நிபந்தனை. சண்டை வரவில்லைதான். அதற்கு விலை, முதன்முதலில் கதவைத் திறந்துவிட்ட கிழவியை வாசலிலேயே நிறுத்துவது. அவள் படித்த, போப்புக்குப் போன பழைய கடிதங்களில் பிணத்துக்காகச் சண்டை போட்டவர்களை எத்தனை தடவை மனசுக்குள் ஏளனம் செய்திருக்கிறாள்! இப்போது அதே வாக்கியத்தை அவளே எழுதி, அவளே படித்துக் காட்டியிருந்தாள்.

திருமூர்த்திக்குப் போன் செய்தாள்.

"எழுதினது நீ, மாத்தறதும் நீயே மாத்திடேன்" என்றான் அவன்.

"நான் ஒருத்தி எப்படிங்க மாத்தறது? கமிட்டி. அதுக்கு மேல சாமி, தீட்டு. பெட்டி உள்ள வந்தா கோயிலையே மூடணும்பாங்க. வெள்ளியங்கிரி அங்கிள் அன்னிக்கே வேண்டாம்னாரு. இப்ப போய் நின்னா, நான் சொன்னேன்ல அப்படீம்பாரு."

"அப்படிச் சொன்னா கேட்டுட்டு வா. தலைவரு அவரு, அவரு சரின்னாத்தான் மாத்த முடியும்."

டோல்வே நெடுஞ்சாலையில் ஏறி நேரே வெள்ளியங்கிரி வீட்டுக்குப் போனாள். வழியெல்லாம் வாதங்களை அடுக்கிக்கொண்டு போனாள். ஓப்பல் யார் என்பதை முதலில் சொல்லவேண்டும், பஜனைக் கூடத்தை நினைவுபடுத்தவேண்டும், அவர் கத்தினால் கத்திவிட்டுப் போகட்டும் என்று பொறுமையாக இருக்கவேண்டும்.

வசந்தாமணி கதவைத் திறந்தார். வெள்ளியங்கிரி சோபாவில் நாளிதழை மடித்துவைத்துவிட்டு நிமிர்ந்தார். கலாவதி தயாராக வைத்திருந்தது எல்லாம் மறந்துபோய், "ஓப்பல் போயிட்டாங்க அங்கிள்" என்று மட்டும் சொன்னாள். பிறகு லோரெட்டா கேட்டதையும், தான் முடியாது என்கிற மாதிரி இழுத்ததையும், லோரெட்டா சரி என்று சொன்னதையும் சொன்னாள்.

வசந்தாமணி புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றார்.

"ஏனுங்க" என்றார் வசந்தாமணி, கணவனைப் பார்த்து. "இந்த அம்மிணிக்கு அதெல்லாம் தெரியாதுங்க."

"என்ன ஆன்ட்டி?"

"எனக்கு கேன்சர் வந்துச்சில்ல, நீங்கெல்லாம் இங்க வர்றதுக்கு முன்னாடி. கீமோவுக்குப் போகோணும். இவருக்கு அப்ப புது வேலை, லீவு போட்டா வேலை போயிரும். எனக்கு டிரைவிங் தெரியாது. ஓப்பல்தான் கூட்டிட்டுப் போவாங்க. ஒவ்வொரு வாரமும். காருக்குள்ள வாந்தி எடுத்தன்னா, 'இட்ஸ் ஓகே ஹனி'ன்னுட்டு அவிகளே தொடைப்பாங்க. எனக்கு இங்கிலீஷ் வராது, அவிகளுக்குத் தமிழ் வராது. போறப்பயும் வர்றப்பயும் அவிக பாட்டுப் பாடுவாங்க, நான் கண்ண மூடிட்டு கேப்பேன்."

கலாவதி வெள்ளியங்கிரியைப் பார்த்தாள்.

"அப்ப ஏன் அங்கிள் அன்னிக்கு வேண்டாம்னீங்க?"

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அவிகளோட சண்டை போட வேண்டியதாயிருமோன்னுதான் அம்மிணி. ஒரு நாளைக்கு ஏதாச்சும் ஒண்ணு கேப்பாங்க, நான் தலைவரா இருந்து இல்லைன்னு சொல்லோணும். அத அந்தம்மா மூஞ்சியப் பாத்து நான் எப்படிங்க சொல்லுவேன்? வராமயே இருந்துட்டா தேவலைன்னு நெனச்சேன். ஞாயித்துக்கிழமை காலைல நான் வராததும் அதுக்குத்தான்."

தன் பயமும் அதேதான் என்று கலாவதிக்குப் புரிந்தது. அவள் அதைச் சரித்திரம் என்று சொல்லிக்கொண்டாள், அவர் பிரிஸ்கெட் என்று சொல்லிக்கொண்டார்.

வெள்ளியங்கிரி எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார்.

"குருக்கள்கிட்ட கேட்டீங்களா?"

"இல்லைங்க. அவர் எப்படி ஒத்துக்குவாரு? அதான்..."

"கேக்காமயே நாமளா இல்லைன்னு சொல்லிட்டமா? வாங்க போலாம். வசந்தா, நீயும் வா."

சுவாமிநாத குருக்கள் சாயங்கால பூஜைக்கு முன்னால் உற்சவருக்குச் சந்தனம் அரைத்துக்கொண்டிருந்தார். மூன்று பேரும் ஒன்றாக வந்து நின்றதைப் பார்த்ததும், "யாருக்கு என்ன ஆச்சு?" என்று பதறிக் கேட்டார். வெள்ளியங்கிரி விஷயத்தைச் சொன்னார். கலாவதி பக்கத்தில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முடியாது என்பதை அவர் வாயால் கேட்கத் தன்னைத் தயார்செய்துகொண்டிருந்தாள்.

"அந்த முந்திரிப் பாட்டியா?" என்றார் குருக்கள். கை நின்றுவிட்டது. "அடடா. நல்ல மனுஷி."

சந்தனக்கல்லைத் தள்ளிவைத்தார்.

"பெட்டிய எங்க வெக்கறா? இந்தப் பக்கம் வருமோ?"

"இல்லைங்க சாமி, மண்டபத்துலதான். அந்தப் பக்கத்து கேட்ல வந்து அதே கேட்ல போயிருமுங்க."

"என்னிக்கு?"

"வியாழக்கிழமை காலைலங்க."

"சரி. ஏன் மாமா, நம்மூர்ல சன்னதித் தெருவுல ஒரு சாவு விழுந்துடுத்துன்னா என்ன பண்ணுவா?"

"நடை சாத்திருவாங்க."

"எடுத்தப்புறம்?"

"கழுவி விட்டுட்டு, புண்யாகவாசனம் பண்ணிட்டுத் தொறப்பாங்க."

"அவ்ளோதானே! தெருவுல சாவு விழாத ஊர் உண்டோ? செத்தவா ஆத்துக்காராளை ஊரை விட்டா தொரத்தறோம்? காலம்பற பூஜைய சீக்கிரம் முடிச்சு நடைய சாத்திடறேன். அவா எடுத்துண்டு போனதும் நானே சுத்தி பண்ணித் தொறந்துடறேன். மத்தியானம் வழக்கம்போல நெய்வேத்யம். இதுக்கா மூணு பேரும் இப்படி மூஞ்சிய வெச்சுண்டு வந்தேள்? நான் யாருக்கோ ஆக்ஸிடெண்ட்னு நெனச்சுண்டேன்."

கலாவதி சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு எங்கோ வழியில் அழுகையாக மாறிவிட்டது. வசந்தாமணி அவள் முதுகைத் தடவினார், ஆனால் அவரும் அழுதுகொண்டிருந்தார். வெள்ளியங்கிரி தூணைப் பிடித்துக்கொண்டு "முருகா, முருகா" என்று இரண்டு தடவை மூச்சுவிட்டார்.

பார்க்கிங் லாட்டிலிருந்தே கலாவதி லோரெட்டாவைக் கூப்பிட்டாள். விஷயத்தைச் சொன்னதும் மறுபக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"எங்களுக்காகக் கோயிலை மூடுகிறீர்களா?" என்றார் லோரெட்டா.

"ஓப்பலுக்காக" என்றாள் கலாவதி.

கமிட்டி உறுப்பினர்களிடம் வெள்ளியங்கிரியே பேசினார். எல்லோரும் சரி என்றார்கள். கோயில் வாட்ஸ்அப் குரூப்பில் செய்தி போட்டதும் அவருக்குப் போன்கள் வந்தவண்ணம் இருந்தன. யாரையும் அவர் கலாவதியிடம் தள்ளிவிடவில்லை. "ஆமாங்க, சாத்தறோம். காலைல கொஞ்ச நேரம்தானுங்க. நீங்க வியாழக்கிழமை காலைல என்னிக்குங்க கோயிலுக்கு வந்திருக்கீங்க?" என்று ஒருவரிடம் அவர் சொன்னதை வசந்தாமணி பிறகு சொல்லிச் சிரித்தார்.

வியாழக்கிழமை காலையில் சன்னதிக் கதவு சாத்தியிருந்தது. பார்க்கிங் லாட்டின் அந்தப் பக்கத்தில் கறுப்புக் கார் மெல்ல வந்து நின்றது. வெள்ளியங்கிரி கோட்டு போட்டு, நெற்றியில் திருநீறு பூசி, கேட்டுக்கு அருகில் நின்று கார்களைத் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தார். மண்டபத்தின் முதல் வரிசையில், ஓப்பலின் பேரப்பிள்ளைகளோடு வசந்தாமணி உட்கார்ந்தார். அவர்கள் பாட ஆரம்பித்தபோது அவருடைய உதடும் அசைவதைக் கலாவதி பார்த்தாள். வார்த்தை இல்லை, ராகம் மட்டும். காருக்குள் கேட்டு மனப்பாடம் ஆன ராகம்.

லோரெட்டா நீளமாகப் பேசவில்லை. "இவள் எல்லோருக்கும் கதவைத் திறந்துவிட்டாள். இன்று இவளுக்காக ஒரு கதவைச் சாத்தியிருக்கிறார்கள். இரண்டும் ஒன்றுதான் என்று இன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது" என்றார். பெட்டி வெளியே போனபோது வெள்ளியங்கிரி கைகூப்பியபடி நின்றார். கார் ரோட்டில் திரும்பி மறையும்வரை கைகளை இறக்கவில்லை.

அதற்குப் பிறகு மண்டபத்தைக் கழுவினார்கள். கல்லறைத் தோட்டத்துக்குப் போக முடியாத கிழவர்கள் இரண்டு மூன்று பேர் தாங்களும் கழுவுகிறோம் என்று துடைப்பான் கேட்டார்கள். குருக்களைப் பார்த்தாள் கலாவதி. அவர், "தாராளமா" என்றார். பேன்ட் காலை மடித்துவிட்டுக்கொண்டு அவர்கள் தண்ணீரைத் தள்ளினார்கள். குருக்கள் மாவிலையால் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வந்தபோது, ஒருவர் தலையைத் தாழ்த்தி அதையும் வாங்கிக்கொண்டார். மத்தியான மணி அடித்தது, நடை திறந்தது. வெயிலில் அலைந்து வியர்த்துப்போன எல்லோர் முகத்திலும் ஒரு பெரிய வேலை ஒழுங்காக முடிந்த தெளிவு இருந்தது.

கல்லறையிலிருந்து திரும்பி வந்தவர்கள் சாப்பாடு கொண்டுவந்திருந்தார்கள். ஒவ்வொரு பாத்திரத்தின் மேலும் மாமிசம் இல்லை, முட்டை இல்லை என்று பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தது. வெள்ளியங்கிரி மக்கரோனியைத் தட்டில் வாங்கி, ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்து, "கொஞ்சம் வரமொளகா இருந்தா பரவால்ல" என்றார். வசந்தாமணி கைப்பையிலிருந்து இட்லிப் பொடி எடுத்துக் கொடுத்தார்.

அன்று மத்தியானம் கலாவதி வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் சோபாவில் சாய்ந்து தூங்கிப்போனாள். ஏழெட்டு மாதமாக ஞாயிறுதோறும் நெஞ்சுக்குள் இருந்த அந்தப் பிடி இல்லை.

அடுத்த வாரம் போப்பின் நிர்வாகம் பற்றித் தான் எழுதிக்கொண்டிருந்த புத்தகத்தின் ஓர் அத்தியாயத்தைத் திறந்தபோதுதான் அவளுக்கு ஒன்று பட்டது. போப்புக்கு யார் கடிதம் எழுதினார்கள்? சண்டை போட்டவர்கள். பக்கத்துக்காரனின் பிணத்தை உள்ளே விட்டுவிட்டு, கழுவி, மறுபடி திறந்துகொண்டவர்கள் ரோமுக்கு எதற்காக எழுதப்போகிறார்கள்? ஆக்கர், டைர் போன்ற துறைமுக ஊர்களில் அப்படி எத்தனை சர்ச்சுகள் இருந்திருக்கும், அவற்றைப் பற்றி ஒரு வரியும் மிஞ்சியிருக்காது. அத்தியாயத்தின் முடிவை அழித்துவிட்டு இதையே எழுதினாள். நிரூபிக்க முடியாத வாதம் என்று விமர்சகர்கள் சொல்வார்கள். சொல்லட்டும் என்று இருந்தது.

வசந்த காலத்தில் லோரெட்டாவின் சபைக்கு இடம் கிடைத்தது. ஸ்ட்ரிப் மால் என்கிற ரோட்டோரக் கடைவரிசையில் ஒரு பல் டாக்டர் கிளினிக்குக்கும் ஒரு தையல் கடைக்கும் நடுவில், முன்பு உடற்பயிற்சிக் கூடமாக இருந்த இடம். இந்த முறை இடம் அவர்கள் பெயரிலேயே பதிவானது. கலாவதி அதைப் பலமுறை கேட்டு உறுதிசெய்துகொண்டாள். கடைசி ஞாயிறன்று பிரசங்க மேடையை வெள்ளியங்கிரியின் பிக்கப் டிரக்கில் ஏற்றினார்கள். கயிறு கட்டுவதில் அவருக்கும் சபையின் ஒரு கிழவருக்கும் வாக்குவாதம் வந்தது. இருவரும் ஆளுக்கொரு முடிச்சு போட்டார்கள்.

"மெதுவா ஓட்டுங்க அங்கிள்" என்றாள் கலாவதி.

"பின்னாடியே வாங்க அம்மிணி. கயிறு அவுந்துச்சுன்னா ஹார்ன் அடிங்க."

டிரக் கிளம்பியது. கலாவதி, லோரெட்டாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு பின்னாலேயே ஓட்டினாள். ரோட்டின் இரண்டு பக்கமும் நீலப் பூக்கள் பூத்திருந்தன. லோரெட்டா ஜன்னலை இறக்கிவிட்டுக் காற்றில் கையை நீட்டிக்கொண்டார். வழி முழுவதும் ஒரு முடிச்சும் அவிழவில்லை.